நாலு நிமிஷம் தாராளம்

மனிதர்களில் ரயில் அட்டவணைக்காரர் என்று ஓர் இனம் உண்டு. எங்கள் ஜப்பானில் இந்த இனத்துக்குப் பஞ்சமே இல்லை. ரயில் ஓடும் ஊரிலெல்லாம் இருக்கிறார்கள். ரயிலை நிறுத்திவிட்ட ஊரில் இன்னும் அதிகமாக இருக்கிறார்கள். கண்டுபிடிப்பது சுலபம். மணி என்ன என்று கேட்டுப் பாருங்கள். நீங்களும் நானும் பத்தே கால் என்போம். அவர் கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்காமல், ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்து, "இப்பத்தான் தகாயாமா எக்ஸ்பிரஸ் பாலத்தைத் தாண்டுது. அப்ப பத்து பதினேழு" என்பார்.

இவரை ரயிலைப் படம் பிடிக்கிறவர்களோடு சேர்த்துவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார். வயல்வரப்பில் முக்காலியை நட்டுவைத்துக்கொண்டு பனியில் நிற்கிறவர்கள் வேறு. என்ஜின் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டுபோய் வீட்டில் கண்ணை மூடிக் கேட்கிறவர்கள் வேறு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கிச் சோற்றுப்பெட்டி வாங்கித் தின்று மூடியை மட்டும் சேர்த்துவைக்கிறவர்கள் வேறு. நான் சொல்கிறவர் இவர்களுக்கெல்லாம் மேலே, மலை உச்சியில் உட்கார்ந்திருப்பவர். மாதாமாதம் வருகிற ஆயிரம் பக்க ரயில் அட்டவணையைப் படுக்கையில் போட்டு, கதை படிப்பதுபோல் படிப்பவர். ஒரு பக்கத்தில் சிரிப்பார். அடுத்த பக்கத்தில் பெருமூச்சு விடுவார். நடுநடுவே, "அடப்பாவி, அஞ்சு நிமிஷம் நிறுத்தி வெச்சு எக்ஸ்பிரஸை முன்னால விட்டுட்டானே!" என்று யாரோ கதாநாயகனுக்கு அநியாயம் நடந்ததுபோல் கத்துவார். மார்ச் மாதம் புது நேரங்கள் வெளியாகும்போது அவர் வீட்டில் யாரும் பேசக் கூடாது.

நீங்கள் நினைப்பீர்கள், இப்படிப்பட்டவர் நாடெல்லாம் சுற்றிப் பார்த்திருப்பார் என்று. சுற்றியிருக்கிறார். பார்த்தாரா என்பது வேறு கேள்வி. அவருக்கு ஊர் என்பது இரண்டு ரயில்களுக்கு நடுவில் வந்து விழும் இடைஞ்சல். கியோத்தோவுக்கு நாற்பத்தோரு தடவை போயிருக்கிறார். அங்கே என்ன பார்த்தீர்கள் என்றால், பூஜ்யம் நம்பர் பிளாட்பாரம் என்பார். நாராவில் மான்கள் தெருவிலே திரியும், கையிலிருந்து பிடுங்கித் தின்னும். அவருக்கு அந்த ஊரில் தெரிந்த ஒரே மிருகம், பாதையில் குறுக்கே வந்து வண்டியைப் பதினோரு நிமிடம் தாமதப்படுத்திய மான். தாமதமானதற்கு ஸ்டேஷனில் கொடுத்த சான்றிதழைக்கூட பத்திரமாக வைத்திருக்கிறார். கோயா மலைக்குப் போய், உச்சி ஸ்டேஷனில் காலை வைத்து, அதே பெட்டியில் திரும்பி இறங்கியவர். மேலே நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் இருந்தன. அவை ஓடவில்லை. அவர் என்ன செய்வார், பாவம்?

எனக்குத் தெரிந்து இந்த இனத்தின் அப்பழுக்கில்லாத மாதிரி, என் தாய்மாமா அராமகி கொஹெய். வயது அறுபத்தெட்டு. கிஃபுவுக்குப் பக்கத்தில் ஓட்டு ஆலையில் சூளை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை; பார்த்தவர்களுக்கு இந்த நோய் வருவதில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் நான். இடம் கிடைத்த அன்றைக்கு வீடே அழுதது. என்ன படிக்கப்போகிறாய் என்று அம்மா கேட்டாள். மாமா கேட்டது ஒன்றுதான்: "எந்த லைன்?"

மாமாவின் மனைவி மிசாவோ அத்தைக்கு ரயிலைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதில் ஏறினால் போகலாம், இறங்கினால் நிற்கலாம், அவ்வளவுதான். ஆனால் அத்தைக்கு ஒரு கடன் இருந்தது. நேர்த்திக்கடன்.

கசாமினே மலைக் கோயிலில் ஒரு கன்னோன் சிலை உண்டு. கருணைத் தெய்வம். கதவை மூடியே வைத்திருப்பார்கள். முப்பத்து மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, ஐம்பது நாள் மட்டும் திறப்பார்கள். அறுபத்தாறு வருஷத்துக்கு முன்பு, எட்டு வருஷமாகப் பிள்ளையில்லாத ஒரு பெண் அந்த மலையேறி, "குழந்தை பிறந்தால் அழைத்துவந்து காட்டுகிறேன்" என்று கும்பிட்டுவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் பிறந்தவள்தான் மிசாவோ அத்தை. முப்பத்திரண்டு வயதில், கதவு அடுத்த முறை திறந்தபோது, கடைசி நாளன்று அத்தை தன் கணவரோடு அந்த மலைக்குப் போனாள். வாசல்வரைக்கும் போய்விட்டாள். மாமா, "இங்கேயே நில்லு, இதோ வந்துடறேன், சேர்ந்து உள்ள போலாம்" என்றார். அடிவார ஸ்டேஷனில் என்ஜினைத் தட்டில் நிறுத்தி அரைவட்டம் சுற்றித் திருப்புவார்கள். அதைப் பார்த்துவிட்டு வரப் போனார். நல்ல மனைவி நின்றாள். அவர் திரும்பி வந்தபோது கதவு மூடி இருபது நிமிடம் ஆகியிருந்தது.

இந்த வருஷம் அந்தக் கதவு மறுபடி திறந்தது. ஐம்பதாம் நாள், மாலை நாலு மணிக்கு மூடிவிடுவார்கள். ஏன் கடைசி நாள்வரை காத்திருந்தார்கள் என்று கேட்கிறீர்களா? மாமா விரும்பிய ஒரு வண்டி அந்த ஞாயிற்றுக்கிழமைதான் ஓடியது.

"அடுத்த தடவைக்கு எனக்குத் தொண்ணூத்தெட்டு வயசு. இந்தத் தடவை விட்டா அவ்வளவுதான். கிஃபுலேர்ந்து காலைல எட்டு மணிக்கு நேர் பஸ் இருக்காம். பதினொண்ணு பத்துக்குக் கோயில் வாசல்ல இறக்கி விட்டுடறானாம்" என்றாள் அத்தை.

"பஸ்ஸா?" என்றார் மாமா. மனைவி வேறு மதத்துக்கு மாறப்போவதாகச் சொன்னதுபோல் அவர் முகம் ஆகிவிட்டது. "பஸ்ல நாம போறதில்ல மிசாவோ. நம்மளைக் கொண்டுபோறாங்க. நான் போட்டிருக்கேன் பாரு திட்டம். காலைல ஆறு பன்னெண்டு. மொத்தம் ஆறு வண்டி. போன வழியில திரும்பப் போறதே கிடையாது. பேனாவை எடுக்காம ஒரே கோடா இழுத்த மாதிரி."

"எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்?"

"ஒண்ணு இருபத்தொண்ணு."

"பஸ்ஸை விட ரெண்டு மணி நேரம் முன்னாடி கிளம்பி, ரெண்டு மணி நேரம் கழிச்சுப் போய்ச் சேரணும்?"

"அதான் சொல்றேன்ல? நாலு மணி நேரம் கூடுதலா கிடைக்குது!"

இந்த இனத்தோடு வாதாடக் கூடாது. அத்தை என்னைப் பார்த்தாள். "சாயோ, நீயும் வாடி. நான் ஒருத்தியா இந்த மனுஷனைக் கட்டி மேய்க்க முடியாது" என்றாள். நானும் கிளம்பினேன்.

ஐந்து இடத்தில் வண்டி மாறினோம். மாறுவது என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு பிளாட்பாரத்தில் இறங்கி, படியேறி, பாலம் தாண்டி, படியிறங்கி, அடுத்ததில் ஏற வேண்டும். எல்லாவற்றுக்கும் இந்த இனம் ஒதுக்கும் நேரம் நாலு நிமிடம். "நாலு நிமிஷம் தாராளம்" என்பதுதான் இவர்களின் மந்திரம். அதில் ஒன்றரை நிமிடத்தை மிச்சம்பிடித்து, பிளாட்பாரக் கடையில் நின்றபடியே கொதிக்கக் கொதிக்க சோபா நூடுல்ஸை உறிஞ்சி, நாக்கு வெந்து, கண்ணில் நீரோடு அடுத்த வண்டியில் தொற்றிக்கொண்டு, "பார்த்தியா, இன்னும் இருபது நொடி பாக்கி" என்பார்கள். அத்தைக்கு முழங்கால் வலி. அவளுக்கும் தாராளம்தானாம்.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு நிரேயமா ஜங்ஷன் வந்தது. இங்கேதான் வண்டி இரண்டாகப் பிரியும். முன்னால் உள்ள இரண்டு பெட்டிகள் பன்னிரண்டு நாற்பதுக்குக் கசாமினே மலைக்குப் போகும். பின்னால் உள்ள இரண்டு பெட்டிகள் நாற்பத்து நாலுக்கு யுனோசே என்ற வெந்நீர் ஊற்று ஊருக்குப் போகும். மாமா எங்களை முதல் பெட்டியில் உட்காரவைத்து, "எக்காரணம் கொண்டும் பின்னால போயிடாதீங்க" என்று மூன்று தடவை எச்சரித்தார். பிறகு இறங்கிப் பின்னால் போனார்.

வண்டி பிரிவதைப் பார்க்க வேண்டாமா?

"சாயோ, போய் அந்த ஆளைக் கூட்டிட்டு வா. முப்பத்தேழு ஆயிடுச்சு" என்றாள் அத்தை. மடியில் சோற்றுப்பெட்டி, இன்னும் பிரிக்கவில்லை.

போனேன். இரண்டாவது, மூன்றாவது பெட்டிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கூட்டம், பிரசவ அறைக்கு வெளியே நிற்கிற மாதிரி நின்றது. மாமா பச்சைத் தொப்பி போட்ட ஒரு பெரியவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"முதல்ல காத்துக் குழாய்தாங்க கழட்டுவாங்க" என்றார் தொப்பி.

"யாருங்க சொன்னது? கரண்டு ஒயர்தான் முதல்ல!"

"நான் இங்க பதினாறு தடவை பார்த்திருக்கேன்."

"நான் பத்தொம்பது!"

"மாமா, அத்தை கூப்பிடறாங்க" என்றேன்.

"ஷ்ஷ்! இப்பப் பாரு, இப்பப் பாரு."

பார்த்தேன். அதுதான் தப்பு. உஸ்ஸென்று ஒரு சத்தம். இரும்பு விரல்கள் இரும்பு விரல்களை விட்டன. ஒரு சாண் இடைவெளி, அது ஒரு முழமாகி, ஒரு ஆள் நுழையும் அளவாகி, அதன் வழியே அந்தப் பக்கத்து மலை பச்சையாகத் தெரிந்தது. கூட்டம் கைதட்டியது. தொப்பி கைதட்டினார். மாமா கைதட்டினார். நானும் தட்டினேன். முன்பெட்டிகள் வழுக்கிக்கொண்டு போயின.

"பன்னெண்டு நாப்பது! ஒரு நொடி பிசகல!" என்று மாமா கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

முதல் பெட்டியின் ஜன்னலில் அத்தையின் முகம் எங்களைத் திரும்பிப் பார்த்தபடியே போனது. கோபம்கூட இல்லை. சோற்றுப்பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சாதாரண மனிதன் இந்த இடத்தில் தலையில் அடித்துக்கொள்வான். அட்டவணைக்காரரின் கண் மின்னியது. ஆமாம், நான் பார்த்தேன், மின்னியது. பையிலிருந்து ஆயிரம் பக்கத்தை உருவினார். "அடுத்த வண்டி மூணு அஞ்சுக்கு. அதுல போனா அடிவாரத்துக்கே மூணு நாப்பத்தாறு. மேல ஏற ஒரு மணி நேரம். ஆகாது." பக்கம் புரண்டது. "ஆனா இந்தப் பின்பெட்டில ஏறினா யுனோசே. அங்கேர்ந்து மலை ரயில். ஒனிகுபோ. அங்கேர்ந்து விஞ்ச். கோயிலோட பின்பக்கமா போயிடலாம்! சாயோ, இந்த வழியில நான் போனதே இல்ல!"

அத்தைக்குப் போன் அடித்தார். அத்தை எடுக்கவில்லை. ஓடும் ரயிலில் போன் பேசுவது எங்கள் ஊரில் அநாகரிகம்; அத்தை நாகரிகமானவள்.

யுனோசே, ஒன்று முப்பத்தெட்டு. மலை ரயில், ஒன்று நாற்பத்திரண்டு. நாலு நிமிடம்! மாமா ஓடினார், நான் ஓடினேன், பாலத்துப் படியில் என் செருப்பு ஒன்று கழன்று, அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். கதவு எங்கள் முதுகைத் தொட்டுக்கொண்டு மூடியது. இரண்டு பேரும் மூச்சு வாங்கியபடி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகுதான் நினைவு வந்தது: அத்தை.

ஒற்றைப் பெட்டி மலை ரயில் ஆற்றோரமாக முனகிக்கொண்டு ஏறியது. இரண்டு இருபதுக்கு மாமா பொறுமை இழந்து, மூலையில் போய் நின்று, தன் தொப்பிக்குள் போனை ஒளித்துக்கொண்டு பேசினார். பெட்டியிலிருந்த ஏழு பேரும் அவர் முதுகை முறைத்தார்கள்.

"மிசாவோ! எங்க இருக்க?"

"கோயில்லதான். ஸ்டேஷன்ல இறங்கினதும் கோயில் வேன் ஒண்ணு நின்னுச்சு. வண்டில கூட வந்த மூணு பொம்பளைங்களோட நானும் ஏறிட்டேன். வாசல்லயே இறக்கிவிட்டுட்டான்."

"வேனா? எந்த வேன்? அட்டவணையில வேனே கிடையாதே!"

"அட்டவணையைப் பார்த்தா அவன் ஓட்டறான்?"

"சரி சரி. கேளு. நாங்க மூணு இருபத்தெட்டுக்கு வந்துடுவோம். வாசல்லயே நில்லு. நாங்க வராம உள்ள போயிடாத. சேர்ந்து போலாம். என்ன?"

"என்னங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா—"

சுரங்கப்பாதை. போன் செத்துவிட்டது.

சுரங்கத்தைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்கில் சிக்னல் கிடையாது. முப்பத்து மூன்று வருஷத்துக்கு முன்பும் இதே வார்த்தைகளைத்தானே சொல்லியிருப்பார்? அத்தை அப்போதும் நின்றாள். பழக்கம் விடுமா? எங்களுக்காக வாசலில் நின்றுகொண்டே இருந்துவிட்டால்?

"மாமா, அத்தை நின்னுடுவாங்களோ?"

"நிப்பா. சொன்னேன்ல?" என்றார் நிம்மதியாக.

ஒனிகுபோவில் இரண்டு ஐம்பத்தொன்றுக்கு இறங்கினோம். மலைமேல் கம்பியில் இழுக்கும் விஞ்ச் இரண்டு ஐம்பத்தெட்டுக்குப் புறப்படும். பன்னிரண்டு நிமிடத்தில் உச்சி. அங்கிருந்து பதினெட்டு நிமிட நடை. எல்லாம் சரியாக இருந்தது. விஞ்ச்சில் இரண்டு பெட்டிகள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒன்று சிவப்பு, மற்றது பச்சை. நின்றுகொண்டிருந்தது சிவப்பு.

மாமா சிவப்பைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தார். பச்சைப் பெட்டி இந்த மாதக் கடைசியோடு ஓய்வு பெறுகிறதாம். சத்தியமாக அவர் வாயைத் திறக்கவில்லை. அவர் உதடு மட்டும், பொம்மைக் கடை வாசலில் நிற்கும் குழந்தையின் உதடுபோல் லேசாகத் துடித்தது.

"அடுத்தது பச்சைதான், மாமா. மூணு இருபத்தெட்டு. அதுல போனாக்கூட மூணு ஐம்பத்தெட்டுக்குக் கோயில் வாசல்ல இருக்கலாம்" என்று சொன்னது யார் தெரியுமா?

நான்.

"ரெண்டு நிமிஷம் கையில இருக்கு" என்றார் மாமா, மெல்ல.

"தாராளம்" என்றேன்.

நாலு வருஷம் கல்லூரியில் படித்தவள். தர்க்கத்தில் நல்ல மதிப்பெண்கூட வாங்கியிருக்கிறேன். அந்த அரை மணி நேரம் அத்தையின் முகம் ஒரு தடவையாவது என் கண்முன் வந்ததா என்று எத்தனையோ நாள் யோசித்துப் பார்த்துவிட்டேன். வந்தது என்று பொய் சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

பச்சை அற்புதமாக இருந்தது. மர இருக்கை, பித்தளைக் கைப்பிடி, நடுவழியில் சிவப்பு எங்களைத் தாண்டி இறங்கும்போது இரண்டு ஓட்டுநர்களும் தொப்பியைத் தொட்டு வணங்கிக்கொண்டார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று நாற்பதுக்கு உச்சி. தேவதாரு மரங்களுக்கு நடுவே அரை ஓட்டமும் அரை நடையுமாகப் போய், சரியாக மூன்று ஐம்பத்தெட்டுக்குக் கோயில் முற்றத்தில் நின்றோம்.

கதவு மூடியிருந்தது.

ஒரு இளம் பிட்சு வாசலில் மெதுவாகப் பெருக்கிக்கொண்டிருந்தார். மாமா அவர் மூக்குக்கு நேரே கடிகாரத்தை நீட்டினார். "ஐயா, மணி மூணு ஐம்பத்தெட்டு! நாலு மணின்னு போட்டிருக்கு! இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு!"

பிட்சு கடிகாரத்தைப் பார்த்தார். நல்ல கடிகாரம் என்பதுபோல் தலையாட்டினார். "பெரியவர் மந்திரத்தை இன்னைக்கு வேகமா முடிச்சுட்டாருங்க. அவருக்கு சளி. முடிஞ்சதும் மூடிடறதுதான் வழக்கம்."

"வழக்கமா? அப்ப நாலு மணின்னு எதுக்கு எழுதினீங்க?"

"சுமாரா நாலு மணிங்க" என்றார் பிட்சு.

சுமாராக! மாமாவின் வாழ்க்கையில் அந்த வார்த்தையை யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெல்ல என் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. முதன்முறையாக அவருக்கும் புரிந்துவிட்டது. "சாயோ... அவ வாசல்ல நின்னுக்கிட்டே இருந்திருப்பாளே. நான்தானே நிக்கச் சொன்னேன். மறுபடியும்... மறுபடியும் நானே..."

நான் ஓடினேன். முன்வாசலில் இல்லை. மணி மண்டபத்தில் இல்லை. டீக்கடைக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்டது. அங்கே ஒரு பெஞ்சியில் நாலு பெண்கள், கையில் குச்சியில் கோத்துச் சுட்ட அரிசி உருண்டைகளோடு. நடுவில் மிசாவோ அத்தை, வாயோரம் உருண்டையில் தடவிய சாஸ் ஒட்டியிருக்க, எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா? எங்கடி அந்த மனுஷன்?"

மாமா என் பின்னாலேயே வந்துவிட்டார். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "மிசாவோ. நீ... நின்னுட்டியா?"

"எங்க?"

"வாசல்ல. போன்ல சொன்னேனே."

"அட, நீங்க போன் பண்ணப்பவே நான் ரெண்டாவது தடவை உள்ள போய்க் கும்பிட்டுட்டு வந்திருந்தேன். அதைத்தான் சொல்ல வந்தேன், லைன் கட் ஆயிடுச்சு."

"ரெண்டாவது?"

"முதல் தடவை எனக்கு. ரெண்டாவது எங்கம்மாவுக்கு. அப்புறம் நீங்க வர மாட்டீங்கன்னு தெரிஞ்சு, மூணாவது உங்களுக்காகப் போனேன்." அத்தை உருண்டையைக் கடித்தாள். "ஒரு தடவை நின்னு பார்த்தாச்சுங்க. நிக்கறது எப்படி இருக்கும்னு தெரியும்."

மற்ற மூன்று பெண்களும் மாமாவை ஏற இறங்கப் பார்த்தார்கள். கதை ஏற்கெனவே அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது என்பதில் சந்தேகமில்லை.

மாமா அத்தை பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு, என் வாழ்நாளில் அவர் கேட்டு நான் கேட்டிராத ஒரு கேள்வியைக் கேட்டார். "எப்படி இருந்துச்சு?"

"சின்னது. என் முழங்கை உயரம்கூட இல்ல. கறுத்துப்போய், மூக்கு தேஞ்சு. என்னைப் பார்த்து, 'அப்ப நீதானா அது'ன்னு கேக்கற மாதிரி இருந்துச்சு. நான் 'ஆமாங்க, நான்தான்'னேன்." அத்தையின் குரல் கொஞ்சம் உடைந்தது. உடனே சிரித்துவிட்டாள். "வரிசையில பின்னால இருந்தவன் தள்ளிவிட்டுட்டான்."

மாமா தலையாட்டினார். தலையாட்டிக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர். இந்த மனிதர் திருந்திவிட்டார் என்று எனக்குள் மணியடித்தது. அவர் தொண்டையைச் செருமினார்.

"அந்த வேன்," என்றார், "ஸ்டேஷன்லேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பிச்சு?"

இப்போது உங்களிடம் ஒரு வார்த்தை. சுரங்கத்தில் போன் செத்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது? வாசலில் ஒரு பெண் தன் அம்மாவின் வாக்கை வைத்துக்கொண்டு நின்றுவிடப்போகிறாளே என்று பதறினீர்களா? அல்லது, இரண்டு ஐம்பத்தெட்டை விட்டு மூன்று இருபத்தெட்டைப் பிடித்து, பன்னிரண்டும் பதினெட்டும் முப்பது என்று கூட்டி, சரியாகத்தான் வருகிறது என்று மனதுக்குள் தலையாட்டினீர்களா? யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆனால் தலையாட்டியிருந்தால் வீட்டில் கொஞ்சம் பார்த்து நடந்துகொள்ளுங்கள். உங்களுக்கும் என்னைப்போல் கதை எழுதத் தெரிந்த ஒரு மருமகள் இருப்பாள்.